சுவற்றை அல்ல, சுவரை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

தாங்களும் சம்பந்தி அம்மாவும் உடல்நலத்தோடும் மனநிம்மதியோடும் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான், என் மனைவி, என் மகன், தங்கள் மகளாகிய எங்கள் மருமகள் ஆகிய நால்வரும் நலம். கைகால்கள் அவரவரிடமே பத்திரமாக இருக்கின்றன. நலம் என்று ஒரு சொல்லில் முடிக்காமல் இவ்வளவு விளக்குவானேன் என்று தாங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டின் பின்பக்கம் சமையலறையை ஒட்டி ஒரு தகரச் சார்ப்பு இருந்ததே, போன தடவை வந்தபோது தாங்கள் அதில் நெற்றியை இடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தீர்களே, அந்தச் சார்ப்பு இப்போது இல்லை. இனி தாங்கள் அந்தப் பக்கம் நிமிர்ந்தே நடக்கலாம்.

இந்தச் செய்தியை என் மகன் தொலைபேசியில் "சின்னத் தீ, ஒண்ணுமில்ல" என்று தங்களிடம் சொல்லியிருப்பான். அவன் எதையும் அப்படித்தான் சொல்வான். நடந்ததை நடந்தபடி எழுதுவதற்குத்தான் நான் பேனாவை எடுத்தேன். அதோடு, தங்கள் மகள் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைத் தாங்கள் வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து கேட்க வேண்டும். பதற வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன்.

தாங்கள் இருவரும் அடுத்த மாதம் வருவதாகத் தகவல் வந்ததிலிருந்து என் மனைவிக்குக் கொல்லைப்புறம்தான் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. அங்கே இருக்கிற பெரிய மரம் வருஷம் முழுக்க ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டு, யாராவது விருந்தாளி வருகிறார்கள் என்று தெரிந்ததும் இலையெல்லாவற்றையும் உதிர்த்துவிடும் குணமுடையது. "சம்பந்தி வர்றாங்க, கொல்லை காடு மாதிரி கிடக்கு, நீங்க நாற்காலியில உட்கார்ந்து பேப்பர்ல தப்புத் தேடிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதான், கண்ணிலிருந்து அல்ல. தப்பு தானாக வந்து கண்ணில் விழுகிறது, நான் என்ன செய்ய? சரி என்று சருகு முழுவதையும் கூட்டிக் குவித்தேன். குவித்ததைப் பார்த்தால் அது எங்கள் மரம் ஒன்றுதான் உதிர்த்தது என்று நம்ப முடியவில்லை. பக்கத்துத் தெரு மரங்களும் ரகசியமாகக் கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும்.

எரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் முன்போல நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் கொளுத்த முடியாது. போன கோடையில் ஊருக்கு வெளியே புல்வெளி பற்றிக்கொண்ட பிறகு, தீயணைப்பு நிலையத்தார் தெருமுனைப் பலகையில் ஒரு விதிமுறை ஒட்டியிருந்தார்கள். படிக்கப் போனேன். தலைப்பே 'திறந்தவெளியில் எறித்தல்' என்று இருந்தது. சம்பந்தி, எறிப்பது, அதாவது ஒளி வீசுவது, நிலா. சருகை எரிக்கத்தான் முடியும். இரண்டாவது விதியில் 'தீயை முழுவதும் அனைத்துவிட்டுச் செல்லவும்' என்று போட்டிருந்தார்கள். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சிவப்புப் பென்சிலை எடுத்து 'அணைத்து' என்று திருத்தினேன். சரியாகத் திருத்தினாலும் தீயைக் கட்டிப்பிடிக்கச் சொல்வதாகப் படிக்கிறவர்கள் இருப்பார்கள், அதற்கு நான் பொறுப்பல்ல. கடைசி விதி வரைக்கும் விடாமல் திருத்தினேன். அதில் 'ஆறிய சாம்பலையும் மூடியுள்ள இரும்பு பாத்திரத்தில் போட்டுச் சுவற்றை விட்டுத் தள்ளி வைக்கவும்' என்று இருந்தது. இரும்புக்குப் பக்கத்தில் ஒரு 'ப்' சேர்த்தேன். 'சுவற்றை' என்பதை அடித்து 'சுவரை' என்று எழுதினேன். சுவர் என்பது சுவரை, சுவரில், சுவரால் என்றுதான் வரும். எத்தனை புத்தகங்களில் இந்தச் சுவற்றை இடித்திருக்கிறேன், அது மறுபடி மறுபடி எழும்பிக்கொண்டே இருக்கிறது. வேலை முடிந்து திரும்பிப் பார்த்தபோது பலகையே சிவப்பாக, பார்க்க மிகவும் திருப்தியாக இருந்தது.

எரிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது முதல் விதி. தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கே நிலைய அதிகாரி ஒரு பெண்மணி, தலைமுடியை இறுக்கிக் கட்டி, பேச்சையும் இறுக்கிக் கட்டி வைத்திருப்பவர். என் சட்டைப்பையைப் பார்த்தார்.

"நீங்கதானா அந்தப் போர்டுல சிவப்புப் பென்சிலால எழுதினது?"

"எழுதலைம்மா, திருத்தினேன்."

"அது அரசாங்க நோட்டீஸ் சார்."

"யார் எழுதினாலும் பிழை பிழைதானே?"

"சருகை எதுக்கு எரிக்கணும்? ஓரமா ஒரு குழி தோண்டிப் போட்டு மேல மண்ணைத் தள்ளிவிடுங்க. நல்ல உரமாயிடும். உங்களுக்கும் புகை இல்ல, எங்களுக்கும் வேலை இல்ல" என்றார்.

"எரிக்கலாம்னு விதியில இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப அனுமதி கொடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். "ரிட்டயர் ஆயிட்டீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். "அதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டடத்திலிருந்தும் வேலியிலிருந்தும் முப்பதடி தள்ளித்தான் எரிக்க வேண்டும். எங்கள் கொல்லையில் முப்பதடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டேன். அவர் என் வயதுக்காரர், கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும், தூங்கும்போது கழற்றுவாரா என்று எனக்குச் சந்தேகம். அந்த டேப் ஐந்தடிதான். அவர் குனிந்து குனிந்து கொல்லை முழுவதையும் ஒரு சட்டைக்கு அளவெடுப்பது போல அளந்தார். "தோள்பட்டை தாராளமா இருக்கு சார், இடுப்புதான் பிடிக்குது" என்றார். கடைசியில் சட்டப்படி எரிக்கத்தக்க இடம் என்று எங்கள் கொல்லையில் ஒரே ஓர் இடம்தான் தேறியது. அது ஒரு சாப்பாட்டு மேசை அளவு. அதற்கு நேர் மேலே என் மனைவி துணி காயப்போடும் கொடி. கொடியை அவிழ்க்கச் சொன்னதற்கு அவள், "சருகு காஞ்சுபோய்த்தான் இருக்கு, துணிதான் காயணும். எது அவசரம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் தையல்காரர் எதிரில் நின்றதால் நான் நியாயத்தின் பக்கம் சாய முடியவில்லை. கொடி அவிழ்ந்தது. அன்றிலிருந்து ஈரத்துணிகள் எல்லாம் என் நாற்காலியின் மேல் காய்ந்தன.

அடுத்து, எரிக்கிற அன்று காலையில் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், மரக்கிளை அசைகிற அளவுக்குக் காற்று இருந்தால் எரிக்கக் கூடாது. தையல்காரர் ஒரு கம்பில் நூல் கட்டிக் கொல்லையில் நட்டார். நூல் தினமும் ஆடியது. நான் தினமும் தொலைபேசி செய்தேன். நாலைந்து நாளில் அந்தப் பக்கம் எடுப்பவர் என் குரலைக் கேட்டதும் "சருகு சாரா? இன்னைக்கும் காத்து சார், விட்டுடுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெயர் எப்படியோ தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தாங்கள் வரும்போது யாராவது "சருகு சார் வீடா?" என்று வழி காட்டினால் அது எங்கள் வீடுதான், தயங்காமல் வரலாம்.

ஒரு நாள் நூல் ஆடவில்லை. எரித்தேன். சம்பந்தி, இவ்வளவு ஒழுக்கமான ஒரு தீயை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. குவியல் முழங்கால் உயரம் தாண்டக் கூடாது என்பதால் கூடை கூடையாகப் போட்டோம். ஒரு பக்கம் தண்ணீர் நிரம்பிய ரப்பர் குழாய், மறுபக்கம் மண்வெட்டி. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் நானும் தையல்காரரும் இரண்டு நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தோம். உற்சாகமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. தையல்காரர் தூங்கிவிட்டார். நண்பகலுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், புறங்கையை மேலே வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

அப்போது மருமகள் தேநீர் கொண்டுவந்தாள். இங்கே தங்கள் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நாளில் அவள் என்னிடம் பேசியது மூன்றே மூன்று வாக்கியங்கள். 'சரிங்க மாமா', 'இல்லீங்க மாமா', 'பரவாயில்லீங்க மாமா'. மாற்றி மாற்றி இவற்றை வைத்தே குடும்பம் நடத்தினாள். பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டராக இருந்து, தாங்கள் "அட்டென்ஷன்" என்றால் தெருவில் போகிற மாடுகூட நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படிப்பட்டவர் மகளா இவ்வளவு சாது என்று நானும் என் மனைவியும் வியந்திருக்கிறோம். அன்றைக்கு அவள் வழக்கத்துக்கு மாறாக நாலாவதாக ஒரு வாக்கியம் பேசினாள்.

"அடியில கிளறிப் பாத்தீங்களா மாமா?"

"நான் அந்த விதிகளையே திருத்தினவன்ம்மா" என்றேன்.

"சரிங்க மாமா" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாம்பல் செடிக்கு ஆகும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். ஆகவே நானே, என் கையாலேயே, அதை அள்ளிச் சார்ப்புக்குள் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மழை வந்தால் நனையாமல் இருக்கட்டும் என்று பலகைச் சுவரை ஒட்டி நெருக்கி வைத்தேன். தொட்டிக்கு இந்தப் பக்கம் பலகை, அந்தப் பக்கம் என் புரூஃப் கட்டுகள். உத்தியோகக் காலம் முழுவதும் நான் திருத்திய தாள்களை எல்லாம் கட்டுக் கட்டாக அங்கேதான் அடுக்கி வைத்திருந்தேன். என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று எண்ணம். யாரும் கேட்டதில்லை. பிறகு கைகழுவி, சாப்பிட்டு, சட்டத்தை மதித்த ஒரு குடிமகனுக்கு வருகிற தூக்கம் தூங்கினேன்.

என் மனைவி எழுப்பினாள். "ஏங்க, ஏதோ பொசுங்குற வாசனை வருது."

"பக்கத்துல இஸ்திரி போடுறார், தூங்கு."

"இஸ்திரி போட்டா இப்படியா வரும்? ஒரு மாதிரி ரப்பர் வாசனையா இருக்கு."

"நைலான் துணியா இருக்கும்" என்று திரும்பிப் படுத்தேன். அடுத்த நிமிஷம் தகரத்தில் படபடவென்று சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். தொட்டி உருகித் தரையில் வழிந்து எரிந்துகொண்டிருந்தது. பலகைச் சுவர் பாதி பற்றிவிட்டது. என் கட்டுகளின் ஓரம் மடங்கி மடங்கிக் கறுத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்தது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் அல்ல. உள்ளே போனேன். ஒரு கட்டைத் தூக்கி வெளியே எறிந்தேன், இன்னொன்றைத் தூக்கினேன். புகையில் கண் தெரியவில்லை. பின்னால் யாரோ வருவது தெரிந்தது, பார்த்தால் தையல்காரர். ஒரு கையில் காலி வாளி. தண்ணீர் பிடிக்க மறந்து ஓடி வந்திருக்கிறார். "எதை எடுக்கணும் சார்?" என்று கேட்டபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "மேல் வரிசை, மேல் வரிசை" என்று நான் கத்தினேன். தலைக்கு மேலே தகரம் முறுக்கிக்கொண்டு கீச்சென்று கத்தியது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏய் கிழவா! அறிவிருக்கா உனக்கு? காகிதம் பெருசா, உயிர் பெருசா? வெளிய வா! வான்னா வரணும்!"

சம்பந்தி, நான் வெளியே வந்துவிட்டேன். யோசித்து வரவில்லை, கால் தானாக வந்தது. கையில் இருந்த கட்டைக்கூட அப்படியே போட்டுவிட்டேன். தையல்காரரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் கொல்லை நடுவில் விறைப்பாக நின்றோம். கத்தியது மருமகள். தாங்கள் மைதானத்தில் எப்படி நிறுத்தியிருப்பீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாங்கள் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் தகரம் மொத்தமும் உள்ளே சரிந்தது. நான் நின்றிருந்த இடத்தில்தான் சரிந்தது. இதை நான் பெரிதுபடுத்தவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

என் மகன் வேலைக்குப் போயிருந்தான். அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நான் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். தங்கள் மகள் சமையலறைக்குள் ஓடி கேஸை மூடி, சிலிண்டரைக் கழற்றி வாசல் பக்கம் உருட்டினாள். சார்ப்புக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவை இழுத்துச் சாத்தி, அடியில் ஈரச் சாக்கைத் திணித்தாள். அதைத் திணிக்கும்போதுதான் நிறையப் புகையை விழுங்கியிருக்க வேண்டும், இருமிக்கொண்டே இருந்தாள். இருமிக்கொண்டே தொலைபேசியில் முகவரி சொன்னாள். என் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து, "அத்தை, தெருவுல போய் நில்லுங்க, உள்ள எதுக்கும் வரக்கூடாது" என்றாள். என் மனைவி மறுபேச்சுப் பேசாமல் போனாள். இந்த வீட்டில் என் மனைவி மறுபேச்சுப் பேசாமல் ஒரு காரியம் செய்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

வண்டி வந்தது. தண்ணீர் அடித்தார்கள். எரியாமல் மிச்சமிருந்ததும் தண்ணீரின் வேகத்தில் இடிந்து விழுந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒரு பொறி போகவில்லை, சாத்திய கதவின் வெளிப்பக்கம் மட்டும் கருகியிருந்தது. அந்தக் கதவை நிலைய அதிகாரி தட்டிப் பார்த்தார். "இதை யார் சாத்தினது?" என்றார். மருமகளைக் காட்டினோம். "இந்தக் கதவு திறந்திருந்தா வீடு போயிருக்கும்" என்று அவளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாம்பலை பிளாஸ்டிக் தொட்டியில போட்டது யாரு?"

"நான்தான்மா. ஆறிடுச்சுன்னு பாத்துத்தான் போட்டேன்."

"கடைசி விதி என்ன சார்?"

எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. 'ப்' போட்டது நினைவிருந்தது. எதற்கு அடுத்துப் போட்டேன் என்பது பிறகுதான் வந்தது. 'மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில்' என்று நானே சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுத்துக் கூட்டிப் பார்த்துப் பார்த்தே பழகியவனுக்கு எழுத்து மட்டும்தான் கண்ணில் படுகிறது, சொல்ல வந்த விஷயம் படுவதில்லை. ஒரு சமையல் புத்தகம் முழுவதையும் நான் திருத்தியிருக்கிறேன், எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது.

"சுவற்றைன்னு இருந்ததை சுவரைன்னு மாத்தினீங்களே" என்றார் அதிகாரி. "அந்தச் சுவர் இப்ப எங்க சார் இருக்கு?"

தையல்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருப்பேன், முகத்தில் கரி இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதிகாரி போகும்போது, இனி எங்கள் முகவரிக்கு எரிப்பு அனுமதி கிடையாது என்றும், மேற்கொண்டு உதிர்கிற சருகைக் குழியில் போடும்படியும் சொல்லிவிட்டுப் போனார். புரூஃப் கட்டுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலில் மனம் கனத்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அவற்றில் இருந்தவை எல்லாம் பிறர் செய்த பிழைகள். நான் எதற்கு அவற்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சம்பந்தி, இனிமேல்தான் நான் கடிதம் எழுத வந்த விஷயம். தீ அணைந்த நேரத்திலிருந்து மருமகள் எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். 'சரிங்க மாமா' கூட இல்லை. சாப்பிட வா என்றால் பிறகு என்று கையைக் காட்டுகிறாள். பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்கிறாள். என்னை அப்படிப் பேசிவிட்டோமே என்று மனம் குன்றிப்போய் இருக்கிறாள் என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. என் மனைவிக்கு இதில் முதலில் ஒரு கருத்தும், பிறகு வேறு ஒரு கருத்தும் இருந்தன. "என்ன இருந்தாலும் மாமனாரை அப்படியா கூப்பிடுறது?" என்றாள் முதல் நாள். மறுநாள் சரிந்து கிடந்த தகரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நான் கூப்பிட்டிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க" என்றாள். தையல்காரர் தினமும் வந்து "சின்னப் பொண்ணு சார், மனசுல வச்சுக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருக்கிறது, அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்ல விரும்புவது இதுதான். எனக்கு அதில் கடுகளவும் வருத்தம் இல்லை. உள்ளதைச் சொன்னால், இந்த வீட்டில் அவள் ஒரு வருஷமாக விருந்தாளி போலவே நடந்துகொண்டிருந்தாள். நாங்களும் விருந்தாளி போலவே நடத்திவிட்டோம். மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தூரத்தில் வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் அவள் என்னை இந்த வீட்டு ஆளாக நினைத்துத் திட்டினாள். கிழவன் என்பதும் தப்பான சொல் அல்ல, எழுத்துப்பிழையும் இல்லை, பொருட்பிழையும் இல்லை. இதை நேரில் சொல்ல இரண்டு தடவை அவள் அறை வாசல் வரை போனேன். கதவைத் தட்டக் கை வரவில்லை, தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆகையால் தாங்கள் அவளுக்குத் தொலைபேசி செய்யும்போது, அவள் அழுதுகொண்டு இதைச் சொன்னாலும், தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம். மாமா தப்பாக நினைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அடிக்கடி திட்டினாலும் பரவாயில்லை என்கிறார் என்று தங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

தாங்கள் குறித்த தேதியில் அவசியம் வர வேண்டும். கொல்லை சுத்தமாக இருக்கிறது, இவ்வளவு சுத்தமாக இனி எப்போதும் இருக்காது. சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லவும். தங்கள் இல்லத்தில் எல்லோரும் நோயின்றி, நெருப்பின்றி, நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மருமகள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். புகையால் தொண்டை புண்ணாகிவிட்டதாம், குரல் கொஞ்சமும் வரவில்லையாம், வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சூடாக எதுவும் விழுங்க முடியாததால்தான் எங்களோடு சாப்பிட உட்காரவில்லையாம். மறுநாளே என் மகன் அவளை அழைத்துப் போய்க் காட்டி, வந்து தன் அம்மாவிடம் சொல்லியும்விட்டானாம். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கிறான். ஏனம்மா இதை அன்றைக்கே எழுதிக் காட்டவில்லை என்றேன். 'யாரும் கேக்கலையே மாமா' என்று எழுதினாள். வழக்கமாகவே பேசாதவள் பேசாமல் இருந்ததில் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கிழவா என்றதும் என்னை அல்லவாம். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற தையல்காரரைத்தானாம். உள்ளே இருக்கிற என்னிடம் அவள் சொன்னது 'மாமா, வெளிய வாங்க' என்றுதானாம், தகரச் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லையாம். ஆகவே மேலே நான் மன்னித்தது, மகிழ்ந்தது, கேட்டுக்கொண்டது எல்லாவற்றையும் தாங்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். நானே அடித்திருப்பேன், அடித்தால் ஒரு பக்கம்கூட மிஞ்சாது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தையல்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், அவர் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பி.கு. 2: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சில நாள் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும். இன்று காலை, புதிதாக உதிர்ந்த சருகுக்குக் குழி தோண்டலாம் என்று கொல்லைக்குப் போனேன். வெயில் உச்சிக்கு வந்ததும் களைத்து, மரத்தில் ஏணி சாய்த்திருந்ததைப் பார்த்து, உதிரக் காத்திருக்கிற இலைகளை முன்கூட்டியே உலுக்கிவிட்டால் என்ன என்று இரண்டு படி ஏறினேன். சமையலறை ஜன்னலிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. "யோவ் கிழவா, கீழ இறங்கு!" இறங்கிவிட்டேன். பிறகு வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தையல்காரர் வீடு பூட்டியிருக்கிறது. முந்தாநாளே தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம், வர ஒரு வாரம் ஆகும் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள்.